பழைய சீஆர் கொப்பியில "ச." எண்டு 41 தரம் எழுதியிருக்கு, ஆர் எண்டு எனக்கே தெரியேல்ல

நுளம்புவலை · ஞாயிறு, இரவு 10.47

எல்லாருக்கும் வணக்கம். இது கேள்வியோ புலம்பலோ எண்டு எனக்கே தெரியேல்ல, எங்க போடுறது எண்டும் விளங்கேல்ல, அதால பொதுப் பகுதியிலயே போடுறன். மொடறேற்றர் அண்ணை வேணுமெண்டா இடத்தை மாத்திவிடுங்கோ.

அடுத்த மாசம் தெஹிவளையில இருந்து இரத்மலானைப் பக்கம் வீடு மாறுறம். நேற்று சாமான் கட்டேக்க அலுமாரிக்கு மேல கிடந்த பழைய சூட்கேசை இறக்கினன். பூட்டு கறள் பிடிச்சு ஸ்க்ரூட்ரைவரால நெம்பித்தான் திறக்க வேண்டி வந்தது. உள்ள சீமா கணக்கியல் சோதினைப் புத்தகங்கள், ஓட்டை விழுந்த நுளம்பு வலை ஒண்டு, அதுக்குக் கீழ கறுப்பு மட்டை சீஆர் கொப்பி. கடல் காத்து குடிச்சு மட்டை அப்பளம் மாதிரி வளைஞ்சு போயிருந்தது.

2007 ஜனவரியில இருந்து 2008 மார்ச் வரைக்கும் எழுதியிருக்கிறன். அப்ப எனக்கு 21 வயசு. 2006 ஆகஸ்டில சண்டையால யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை பூட்டினாப்பிறகு ஆமியிட்ட கிளியரன்ஸ் எடுத்து கப்பலில திருகோணமலை வந்து, அங்கயிருந்து பஸ்ஸில கொழும்பு. வெள்ளவத்தையில கடற்கரைக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டில மேல்மாடி றூம். யன்னலைத் திறந்தா பக்கத்து ஃப்ளாட்டின்ர சுவர்தான் தெரியும், ரெயில் போனா மேசையில தண்ணிக் கிளாஸ் தானா நகரும். அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில. அந்த ஒண்டேகால் வருஷத்தைப் பற்றி ஆர் கேட்டாலும் நான் சொல்லுறது ஒரே வசனம்தான், "வாய் திறந்து கதைக்க ஒரு சீவன் இருக்கேல்ல". மனுசிக்கு இதை நூறு தரம் சொல்லியிருப்பன்.

இப்ப பிரச்சினை என்னெண்டா கொப்பியில பாதி கணக்கு, மிச்சம் ரெண்டு வரி மூண்டு வரி குறிப்பு, பேர் ஒண்டும் முழுசா இல்லை, எல்லாம் முதல் எழுத்து மட்டும். அந்தக் காலம் தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும், றூம் செக்கிங் எண்டு வந்தா கொப்பியையும் புரட்டிப் பாப்பினம், நான் எழுதின பேரால இன்னொருத்தருக்கு கரைச்சல் வரக்கூடாது எண்டு அப்பிடிப் பழகினது. கொழும்பில தங்கிறதுக்கு எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டும் உள்ளதான் கிடக்கு, மடிச்ச இடத்தில கிழிஞ்சு நாலு துண்டா.

சில வரியள் அப்பிடியே தாறன்:

"பெப். 11. ச. 2 மணித்தியாலம். தலையிடி கொஞ்சம் குறைவு."
"ஏப். 22. ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. ச. மட்டும்."
"மே 9. ச.ல இருந்து எடுத்தது ரெண்டும் 14க்கு முதல் குடுக்க வேணும்."
"ஜூலை 30. மனம் சரியில்லை. ச. போனாப்பிறகு பரவாயில்லை."

எண்ணிப் பாத்தன், 41 தரம். மனுசியும் பக்கத்தில இருந்து எண்ணினவ. நான் சத்தியமாச் சொல்லுறன், ச. ஆரெண்டு எனக்கு ஞாபகம் இல்லை. அவ நம்புறா இல்லை. காலமையில இருந்து வீட்டில கோப்பித்தண்ணியும் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன் · ஞாயிறு, இரவு 11.05

மச்சான் சரண்யா, சங்கீதா, சர்மிளா, சசிகலா, சந்திரவதனி. இதுல எது? 41 தரம் பாத்தவள மறந்துட்டேன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னா எவ நம்புவா, நானே நம்பல. அந்த "எடுத்தது ரெண்டும் குடுக்கணும்" என்னா, லெட்டரா? மோதிரமா?

தேயிலைக்கொழுந்து · திங்கள், காலை 6.20

அண்ணே சிரிச்சிக்கிட்டுத்தான் படிச்சேன் ஆனா கடைசில ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் பதினேழு வயசுல ஹட்டன் பக்கத்துல இருந்து கொழும்புக்கு வந்தவ, புறக்கோட்டையில துணிக்கடை. கடைக்கு மேலேயே எங்க பொம்பளப் புள்ளைங்க அஞ்சு பேருக்கு தங்குற எடம். எனக்கு கொப்பி வாங்கணும்னு கூட தோணல, கடையில மாசம் முடிஞ்சா கிழிக்கிற கலண்டர் தாளு இருக்குல்ல, பின்பக்கம் வெள்ளையா இருக்கும், அதுல அம்மாவுக்கு கடுதாசி எழுதுவேன். அனுப்பினதே இல்ல. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, யாராவது வாசிச்சுக் காட்டணும், வாசிச்சா தோட்டத்து லயத்துக்கே தெரிஞ்சிரும் நான் அழுதேன்னு. அதனால எழுதி மடிச்சு மெத்தைக்கு கீழ.

போன வருஷம் அம்மா செத்த பொறகு என்னோட டிரங்குப் பெட்டியில பதினோரு தாள் கெடச்சுது. எல்லாத்துலயும் மொத வரி ஒன்னுதான், "நான் நல்லா இருக்கேன்". அதுக்கு கீழதான் எல்லாம். அனுப்பாத கடுதாசிலயும் ஏன் பொய் சொல்லித் தொடங்கினேன்னு இன்னும் யோசிக்கிறேன்.

உப்புக்காத்து · திங்கள், காலை 9.12

குறை நினைக்காதேங்கோ, உந்தப் பழசைக் கிண்டிற வேலையே கூடாது. என்ர 5 வருஷ டயறியள் (வங்கியில சும்மா தாற டயறிதான்) எல்லாத்தையும் 2010ல வளவுக்க போட்டு எரிச்சனான். ஒருநாளும் கவலைப்படேல்ல. 21 வயசுப் பெடியன் எழுதின விசர்க்கதைக்கு 40 வயசில வீட்டில சண்டை தேவையோ? கொளுத்திப்போட்டு வீடு மாறுற அலுவலைப் பாருங்கோ.

பாமினிக்காலம் · திங்கள், பகல் 12.40

எரிக்கிறதுக்கு நீங்கள் கஷ்டப்பட வேணும், எனக்கு கொம்பியூட்டரே எரிச்சுத் தந்தது. 2003ல பம்பலப்பிட்டி நெற்கஃபே ஒண்டில மணித்தியாலக் கணக்குக் குடுத்து இருந்து, கனடாவுக்குப் போன கூட்டாளிக்கு எழுதிறன் எண்டு பக்கம் பக்கமா அடிச்சு சீடியில வச்சிருந்தனான். பாமினி எழுத்துருவில. போன மாசம் திறந்தா "அம்மா" எண்டு அடிச்ச இடத்தில நாலு ஆங்கில எழுத்தும் நடுவில ஒரு அரைப்புள்ளியும் நிக்குது. யூனிக்கோட் பரவ முந்தின காலத்துப் பைல் எல்லாம் அப்பிடித்தான், எழுத்துரு இல்லாட்டி வெறும் குப்பை மாதிரித் தெரியும்.

பேந்து பொங்குதமிழ் மாற்றியில கொப்பி பண்ணிப் போட்டு எடுத்தன். மாறி வரேக்க ஒரு செக்கன் நெஞ்சு அடிச்சுது, உண்மையா. வந்த முதல் வசனம்: "மச்சான் இஞ்ச மழை, உனக்கு அங்க ஸ்னோவோ". அவ்வளவுதான். ரெண்டு பக்கம் வாசிச்சாப்பிறகுதான் விளங்கிச்சுது, நான் அவனைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்ல, முழுக்க என்ர ஒப்பாரி. அவன் ஏன் பதில் போடாம விட்டவன் எண்டு இருபது வருஷமா அவனில கோவம் எனக்கு.

நுளம்புவலை, இன்னும் கொஞ்ச வரி போடுங்கோ. ஆளைப் பிடிப்பம்.

நுளம்புவலை · திங்கள், இரவு 9.33

உப்புக்காத்து அண்ணை, எரிக்கிறதெண்டா கண்டவுடன எரிச்சிருக்க வேணும், வாசிச்சாப்பிறகு எரிக்க ஏலாது.

ச. கிடக்கட்டும், வேற ஒரு விஷயம் என்னைக் குழப்பிப்போட்டுது. 2007 ஏப்ரல் 28 ராத்திரி ஞாபகம் இருக்கோ? பார்படோசில உலகக்கிண்ண ஃபைனல், இஞ்ச விடியப்புறமாகேக்க புலிகளின்ர பிளேன் வந்து கொழும்பு முழுக்க கரண்ட் நிப்பாட்டினவை. என்ர ஞாபகத்தில நான் றூமில கட்டிலில தனிய இருட்டில குந்திக்கொண்டு, வானத்தில ஷெல் வெடிக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தனான். இந்தக் கதையை ஆக்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்! கொப்பியில என்ன கிடக்கு தெரியுமோ:

"கீழ்வீட்டு ரீவீ. சனத் நிண்டு அடிக்கேக்க கரண்ட் போட்டுது. அன்ரி மெழுகுதிரி கொளுத்தினவ. அங்கிள் ரேடியோவுக்கு பற்றி தேடினவர், இல்லை. எல்லாரும் ஹோலிலயே படுத்தம்."

எல்லாரும் ஹோலிலயே படுத்தமாம்! வீட்டுக்காரர் என்னைக் கீழ கூப்பிட்டு, ரீவீ பாக்க விட்டு, பாய் தந்து படுக்க வச்சிருக்கினம். அந்த அன்ரியின்ர முகம் இப்ப ஞாபகம் வருது, ஆனா அந்த ராத்திரியில அவவை நான் எங்க துலைச்சனான் எண்டு விளங்கேல்ல.

மற்றப் பக்கமும் இருக்கு. ஜூன் 7. அண்டைக்கு விடியக்கு முன்னம் லொட்ஜுகளில இருந்த எங்கட தமிழ்ச் சனத்தை பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பினது, 300க்கு மேல ஆக்கள், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அவ்வளவு பெரிய நாள். என்ர கொப்பியில: "வெளியால போகேல்ல. பாண் அரை றாத்தல். சம்பல்." வேற ஒண்டும் இல்லை. பயத்தை எழுதப் பயம். அந்த "வெளியால போகேல்ல" மூண்டு தரம் பேனையால மேல மேல எழுதி தாள் ஓட்டையாகிப் போச்சு.

கேட்ட மாதிரி இன்னும் ச. வரியள்:

"ஆக. 19. ச. கரண்ட் இல்லை. திரும்பி வந்திட்டன்."
"ஒக். 27. மழை. 57 முழுக்க வெள்ளம். செருப்பு அறுந்தது. ச. போகேல்ல."
"நவ. 4. ச. க. பேனை தந்தவர்."

கொட்டாஞ்சேனைக்காரன் · திங்கள், இரவு 9.41

ச. வீட்ல கரண்ட் பில் கட்டல போல.

நோன்புக்கஞ்சி · திங்கள், இரவு 11.58

நான் தெமட்டகொட. இந்த ஞாபகம் மாறுற கதை எனக்கும் நடந்தீக்கி. 2020 மார்ச் 20ம் திகதி ஊரடங்கு போட்ட நேரம் அவர் கட்டார்ல, நான் சின்ன மகனோட ஃப்ளாட்ல தனிய. கொழும்புல மே கடைசி மட்டும் திறக்க இல்லயே. நோன்பும் அதுக்குள்ளதான் வந்த. பள்ளியும் மூடி, தராவீஹ் தொழுகை இல்ல, ஒருத்தர் ஊட்டுக்கு ஒருத்தர் கஞ்சி அனுப்புறதும் இல்ல. ஃபோன்ல நோட்ஸ்ல எழுதி வெச்சீந்த, "இன்டைக்கு மூணாவது மாடில உள்ளவங்க சமைக்கிற வாசம் வந்த, அதோட நோன்பு தொறந்த".

என்ட ஞாபகத்துல அது சந்தோசமான நோன்பு! மகனோட வெளாடின, பேரீத்தம்பழம், மாடில நிண்டு பாங்கு கேட்ட, இப்பிடித்தான் மனசுல ஈக்கி. நோட்ஸ பாத்தா நாளுக்கு நாள் "தூக்கம் இல்ல", "யா அல்லாஹ் ஒரு மனிசர்ட குரல்". ஒங்களுக்கு ஞாபகம் கருப்பு, கொப்பி வெள்ள. எனக்கு தலகீழ். எது உண்மைண்டு யார்ட்ட கேக்க?

ஓய்வுபெற்ற ரீச்சர் · செவ்வாய், காலை 5.15

தம்பி நுளம்புவலை, நான் முப்பத்தொரு வருஷம் தமிழ் படிப்பிச்சனான், விடியக் காலமையில நித்திரை வராது, உங்கட கொப்பியைத்தான் வாசிச்சுக்கொண்டிருக்கிறன்.

"ச.ல இருந்து எடுத்தது" எண்டு எழுதியிருக்கிறியள். ஆளெண்டா எங்கட ஆக்கள் ஒருநாளும் அப்பிடி எழுதமாட்டினம். "ச.விட்ட இருந்து" எண்டுதான் வரும். அன்ரியிட்ட இருந்து, மாமாவிட்ட இருந்து. பெட்டியில இருந்து, கடையில இருந்து. "ச. போனாப்பிறகு" எண்டதையும் பாருங்கோ, ச. எழும்பிப் போனாப்பிறகு எண்டு நாங்கள் வாசிச்சிட்டம், ச.வுக்கு நீங்கள் போனாப்பிறகு எண்டும் வாசிக்கலாம். ச. ஆளில்லை, இடம். மனுசியிட்டச் சொல்லுங்கோ, ரீச்சர் சொன்னவ எண்டு.

கொட்டாஞ்சேனைக்காரன் · செவ்வாய், காலை 7.50

ரீச்சர் நீங்க எங்க ஸ்கூல்ல இருந்திருந்தா நான் ஓஎல்ல தமிழ்ல ஃபெயில் ஆகியிருக்க மாட்டேன்.

இப்ப நான் சொல்றேன் கேளுங்க. இடம்னா, 57 வெள்ளம்னா, அது பஸ் நம்பர் இல்ல. 57ம் ஒழுங்கை! வெள்ளவத்தை! கொழும்புத் தமிழ்ச் சங்கம்! எடுத்த ரெண்டும் லைப்ரரி புக்கு! மச்சான் நீ 41 தரம் லைப்ரரிக்கு போயிருக்க, அதுக்கு பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கியிருக்க.

நுளம்புவலை · செவ்வாய், பின்னேரம் 6.25

பஸ்ஸில நிண்டுகொண்டு அடிக்கிறன், எழுத்துப்பிழை பொறுத்துக்கொள்ளுங்கோ.

சங்கம்! ஓம். ஓம். ரீச்சர் உங்களுக்கு கோயில் கட்ட வேணும். நான் சங்கத்துக்குப் போனது மறக்கேல்ல, ஆனா ஏதோ ரெண்டு மூண்டு தரம் புத்தகம் எடுக்க எட்டிப் பாத்த மாதிரித்தான் மனசில கிடந்தது. 1942ல தொடங்கின சங்கம், அங்க போய் இருந்த ஆக்கள் கணக்கில்லை, நான் என்னை அந்தக் கணக்கில சேக்கவே இல்லை. காலி வீதியால ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறன், 57ம் ஒழுங்கை வாசலைத் தாண்டித்தான் பஸ் போகுது, பதினைஞ்சு வருஷமா ஒருக்கா இறங்கேல்ல.

மத்தியானம் ஒஃபீஸில சாப்பாட்டு நேரம் கொப்பியைத் திரும்பப் புரட்டினன் (கொண்டு போனனான், சிரிக்காதேங்கோ). இப்ப ஒவ்வொண்டா வருது. பேப்பர் வாசிக்கிற மேசை. எனக்கு எதிர்ல எப்பவும் ஒரு ஐயா இருப்பார். தடிச்ச கண்ணாடி, கதிரையின்ர கையில குடையைக் கொழுவி வச்சிருப்பார். பேர் தெரியாது. கேக்கவே இல்லை. கண்ணாடி ஐயா எண்டு மனசுக்குள்ள வச்ச பேர்தான் அந்த "க.". ஞாயிறுப் பேப்பரில குறுக்கெழுத்து வாற தாளை தான் முடிச்சாப்பிறகு சத்தமில்லாம என்ர பக்கம் தள்ளிவிடுவார், ரெண்டு மூண்டு கட்டம் வேணுமெண்டே வெறுமையா விட்டிருப்பார் எண்டு இப்ப யோசிக்கிறன், அப்ப தெரியாமத்தான் விட்டவர் எண்டு நினைச்சனான்.

இனித்தான் விஷயம். நவம்பர் 4, க. பேனை தந்தவர் எண்டு எழுதின நாள். கொப்பி முழுக்க நீல மை. அந்த ஒரு பக்கம் மட்டும் பச்சை. என்ர பேனை முடிஞ்சு அவற்ற பேனையில எழுதியிருக்கிறன், "ச. க. பேனை தந்தவர்" எண்ட வரியும் பச்சை, அதுக்குக் கீழ ரெண்டு வரி தள்ளி, அதே பச்சை மையில, அவருக்கு முன்னாலயே இருந்து: "இந்த ஊரில எனக்கெண்டு ஒருத்தரும் இல்லை."

சீற் கிடைச்சிட்டுது, ஆனா இனி அடிக்கேல்ல.

ஓய்வுபெற்ற ரீச்சர் · செவ்வாய், இரவு 7.02

பச்சை மை எங்கட பள்ளிக்கூடத்தில அதிபர் மட்டும்தான் பாவிச்சவர். அந்த ஐயாவும் எங்கயோ கையெழுத்து வச்ச மனிசனாத்தான் இருக்கும்.

உப்புக்காத்து · செவ்வாய், இரவு 8.30

நான் எதிர்க்கதை சொல்லுறதுக்கே பிறந்தவன், ஏசாதேங்கோ. எல்லாரும் உருகுறியள், ஆனா யோசிச்சுப் பாருங்கோ, கொப்பி எழுதின பெடியன் சொன்னது சரிதானே? பேர் தெரியாத ஆள், கதைச்சதும் இல்லை. அதைச் சினேகம் எண்டு சொல்லுவியளோ? பக்கத்தில மூச்சு விடுற எல்லாரும் துணையெண்டா, பின்னேரம் 5 மணிக்கு கோட்டை ஸ்டேஷனில நிக்கிற எவனுக்கும் தனிமை இருக்கக் கூடாதே. அந்த 21 வயசுப் பெடியனுக்கு வயிறு பசிச்சது, நாங்கள் 18 வருஷத்துக்குப் பிறகு வந்து "தம்பி உனக்கு முன்னால சோறு இருந்தது" எண்டு சொல்லுறம்.

மனசுப்பாடம் · செவ்வாய், இரவு 10.10

நான் உளவியல் படிச்சு ஆலோசனை வேலை செய்யிறன், சுருக்கமாச் சொல்லப் பாக்கிறன். உப்புக்காத்து சொல்லுறதில நியாயம் இருக்கு. தனிய இருக்கிறது வேற, தனிமை வேற. எவ்வளவு உறவு கிடைக்குது எண்டது இல்லை கணக்கு, வேணும் எண்டு நினைக்கிறதுக்கும் கிடைக்கிறதுக்கும் இடையில இருக்கிற தூரம்தான் தனிமை. அந்தப் பெடியனுக்குத் தேவைப்பட்டது அம்மா, கூட்டாளிமார், ஊர். கண்ணாடி ஐயா அந்தப் பள்ளத்தை நிரப்ப ஏலாது. அதுக்காக அவர் இருக்கேல்ல எண்டும் ஆகாது. இது எங்கட ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை, உலக சுகாதார நிறுவனம் 2023ல இதுக்கெண்டே ஒரு ஆணைக்குழு அமைச்சு, 2025 ஜூனில வந்த அறிக்கையில உலகத்தில ஆறில ஒருத்தருக்கு தனிமை இருக்கெண்டு சொன்னவை, இளம் ஆக்களுக்கு இன்னும் கூட.

எழுதிறதைப் பற்றியும் ஒண்டு. 1986ல பென்னிபேக்கர் எண்ட அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம் எழுத வச்சுப் பாத்தவர். என்ன நடந்தது, தனக்கு என்ன செய்தது எண்டு ரெண்டையும் சேத்து எழுதின ஆக்களுக்கு எழுதின நேரம் மனசு பாரமாத்தான் இருந்தது, ஆனா பிறகு வந்த மாசங்களில அவை டொக்டரிட்டப் போனது குறைவு. உங்கட ஜூன் 7 வரியில ரெண்டுமே இல்லைத்தானே, பாணும் சம்பலும்தான். எழுத ஏலாமல் இருந்ததை இப்ப எழுதலாம், ஆரும் செக் பண்ண வரமாட்டினம்.

இதை வாசிக்கிற ஆருக்காவது இப்ப, இந்த ராத்திரி, மனசு தாங்க ஏலாமல் இருந்தா 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், 24 மணித்தியாலமும். 1974ல இருந்து இயங்கிற சுமித்ரயோவும் இருக்கு, அங்க வெறுமனே காது குடுத்துக் கேப்பினம்.

தேயிலைக்கொழுந்து · புதன், காலை 6.05

உப்புக்காத்து அண்ணே, ஸ்டேஷன்ல நிக்கிறவன் தாளை நம்ம பக்கம் தள்ளி விட மாட்டான். அதுதான் வித்தியாசம்.

எங்க ரூம்ல எனக்கு பக்கத்து பாயில ஒரு அக்கா, சிங்களப் பொண்ணு, எனக்கு அப்ப சிங்களம் வராது அவங்களுக்கு தமிழ் வராது. ஒரு வருஷம் கிட்ட "கன்ன" (சாப்பிடு), "நாண்ட யமு" (குளிக்கப் போவோம்)ன்னு ரெண்டு மூனு சொல்லுக்கு மேல பேசினதில்ல. ஆனா நான் ராத்திரி அழுதா அவங்க எழும்பி லைட்ட போட மாட்டாங்க, ஒன்னும் கேக்க மாட்டாங்க, அவங்க பெட்ஷீட்ட இழுத்து பாதி என் மேல போட்டுட்டு திரும்பிப் படுத்துக்குவாங்க. கலண்டர் தாள் பதினொன்னுலயும் அவங்களப் பத்தி ஒரு வரி இல்ல. நேத்து ராத்திரி உங்க பச்சை மை கதைய படிச்சிட்டு பெட்டிய தொறந்து தேடினேன். ஒரு வரி இல்ல அண்ணே.

ராமபாணம் · புதன், காலை 10.30

உணர்ச்சிக்கு இடைஞ்சல் பண்றதுக்கு மன்னியுங்கோ, நான் புத்தகம் பைண்ட் பண்ணுற ஆள், கடலுக்குக் கிட்ட 18 வருஷம் கிடந்த கொப்பி எண்டதும் பயம் வந்திட்டுது. ஒட்டின பக்கங்களை இழுத்துப் பிரிக்காதேங்கோ. வெயிலில காயப்போடாதேங்கோ, மை வெளிறும், பச்சை எண்டபடியா இன்னும் கவனம். நிழலில ஃபேன் காத்தில மட்டையை விரிச்சு நிமித்தி வையுங்கோ. ஸ்டேப்பிள் கம்பி கறளெண்டா நகத்தால மெல்லக் கழட்டி நூலால தையுங்கோ. பதிவுத் துண்டை செலோரேப் போட்டு ஒட்டுறியளோ, ரெண்டு வருஷத்தில மஞ்சள் பிசின் ஊறி எழுத்தையும் திண்டிடும், சும்மா ஒரு பிளாஸ்ரிக் உறைக்க வச்சாலே காணும். பூச்சி நெளியுதெண்டா காத்துப் போகாத பையில கட்டி ஃப்ரீசரில ஒரு கிழமைக்கு மேல விடுங்கோ, எடுத்தவுடன பையைத் திறக்காமல் ஒருநாள் வெளிய வச்சிட்டுத் திறவுங்கோ, இல்லாட்டி பனி ஈரம் உள்ள போகும்.

முதல்ல ஃபோனால ஒவ்வொரு பக்கமா படம் எடுங்கோ. உங்களுக்குச் சின்னக் கொப்பி, ஆனா 2007ல வெள்ளவத்தையில பாண் என்ன விலை, றூம் வாடகை என்ன எண்டு பிற்காலத்தில ஒருத்தன் தேடுவான். 2005ல இருந்து நூலகம் தளக்காரர் எங்கட புத்தகம் பேப்பர் எல்லாம் ஸ்கான் பண்ணிப் போடினம், மனம் வந்தா அவையிட்டக் கதைச்சுப் பாருங்கோ. மனம் வராட்டி வீட்டிலயே வையுங்கோ, அதுவும் சரி.

நோன்புக்கஞ்சி · புதன், இரவு 9.15

நான் மூணாவது மாடிக்கு போன இன்டைக்கு. அந்த சமையல் வாசம் வந்த ஊடு. அஞ்சு வருசத்துக்கு பொறகு! அவங்க மாறிப் போயிட்டாங்க, வேற ஆக்கள் ஈக்காங்க. என்னத்துக்கு வந்தீங்கண்டு கேட்ட, நான் என்ன சொல்ல, கறிவேப்பிலை ஈக்கான்னு கேட்டுட்டு வந்த.

பாமினிக்காலம் · வியாழன், பகல் 1.20

நோன்புக்கஞ்சி 😂 கறிவேப்பிலை தந்தவையோ?

நானும் கனடாக்காரனுக்கு வட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் போட்டன். 22 வருஷத்துக்குப் பிறகு. இந்த முறை கேள்வி மட்டும், என்ர புலம்பல் ஒரு வரியும் இல்லை. ரெண்டு நீலச் சரி விழுந்திருக்கு, பதில் இன்னும் இல்லை. அங்க இப்ப ராத்திரி எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்.

நோன்புக்கஞ்சி · வியாழன், பகல் 1.34

ஒரு கொப்பு தந்தாங்க. பெரிய கொப்பு.

நுளம்புவலை · சனி, இரவு 8.50

இண்டைக்கு 57ம் ஒழுங்கையில இறங்கினன். மனுசியும் வந்தவ, "உங்கட ச.வை நானும் ஒருக்கா பாக்க வேணும்" எண்டு.

பெரிசாச் சொல்ல ஒண்டும் இல்லை, எதிர்பாத்து வாசிக்கிற ஆக்கள் ஏமாறுவியள். நான் இருந்த மேசை எது எண்டு எனக்குப் பிடிபடேல்ல. ஒண்டைப் பாத்து இதுதான் எண்டன், அஞ்சு நிமிஷத்தில மற்றதெண்டு தோணிச்சுது. கண்ணாடி ஐயாவைப் பற்றி ஆரிட்டயாவது கேப்பம் எண்டுதான் போனது. கேக்கப் போனா என்ன சொல்லிக் கேக்கிறது, 2007ல தடிச்சக் கண்ணாடி போட்டு குடையோட வந்த ஒரு வயசாளி எண்டோ? அந்த வயசில பேப்பர் வாசிக்க வந்த எல்லாருக்கும் தடிச்ச கண்ணாடியும் குடையும் இருந்திருக்கும். அப்பவே எழுபது தாண்டின ஆள். கேக்கேல்ல.

கொஞ்ச நேரம் இருந்து பேப்பர் வாசிச்சன். மனுசி ஒரு நாவலை எடுத்து, சும்மா பாக்கிறன் எண்டு சொல்லி முப்பது பக்கம் வாசிச்சிட்டா. எனக்கு எதிர்ல ஒரு பெடியன், பத்தொன்பது இருபது இருக்கும், கல்குலேற்றரும் பாஸ்ற் பேப்பர் கட்டும், காதில இயர்ஃபோன். தலையே நிமித்தேல்ல. நான் குறுக்கெழுத்துத் தாளை எடுத்து ரெண்டு நிரப்பினன். மிச்சத்தை அவன் பக்கம் தள்ளுவமோ எண்டு ஒரு நிமிஷம் கை போச்சு. தள்ளேல்ல, விசரன் எண்டு நினைப்பான். பேனையை மட்டும் மேசையில விட்டிட்டு வந்தன். மறந்து விட்டதோ வேணுமெண்டு விட்டதோ எண்டு மனுசி கேட்டா, பதில் சொல்லேல்ல.

ராமபாணம் சொன்ன மாதிரி கொப்பி ஃபேனுக்குக் கீழ விரிச்சுக் கிடக்கு. ஜூன் 7 பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெறுமை. அதில எழுதத் தொடங்கியிருக்கிறன், ஒண்டரைப் பக்கம் வந்திட்டுது. அன்ரியின்ர பேர், அங்கிளின்ர பேர் எல்லாம் முழுசா எழுதினன், முதல் எழுத்து மட்டும் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன் · சனி, இரவு 8.58

எல்லாம் சரி மச்சான், கோப்பி கெடைச்சுதா இல்லையா?

நுளம்புவலை · சனி, இரவு 9.04

பிளேன்டீ. சீனி இல்லாமல்.